கடலூர்க் கோட்டையில் காய்ச்சலில் இறந்தவரும் துப்பாக்கிக் குண்டின் வேகமும்

1/
இன்னைக்கு மருத்துவம் கொஞ்சம், வரலாறு நிறைய. துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று முதன்முதலில் நம்பும்படி அளந்து காட்டியவர் பென்ஜமின் ராபின்ஸ். அவர் இறந்தது நம்ம கடலூரில். காரைக்காலில் இருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்ளோதான். நீளமான இழை இது. டீயோட உட்காருங்க.

2/
டாக்டருக்குத் துப்பாக்கி எதுக்குன்னு கேட்பீங்க. நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்ப, ஒரு மார்கழி மாசம், அவசரப் பிரிவில் டியூட்டி. பொழுது சாயுற நேரத்தில் வயலுக்குத் தண்ணி பார்க்கப் போன ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. யாரோ கொக்கு சுட வந்தவர் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டது இவன் மேல் பட்டுவிட்டது.

3/
எக்ஸ்ரே எடுத்தோம். தோளிலும் கழுத்திலுமாக வெள்ளை வெள்ளையாக ஏழு புள்ளி. எல்லாம் பால்ரஸ். அதில் ஒண்ணு கழுத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டு போகிற கரோட்டிட் குழாய்க்கு நேர் மேலே. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. சீனியர் விரலால் தடவிப் பார்த்துட்டு, "தோலுக்கு அடியிலேயே நிக்குதுப்பா" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தோம். கிண்ணத்தில் 'டக்'குனு விழுந்தது. மிளகு அளவுதான் இருக்கும்.

4/
அவன் அம்மா என்னிடம் கேட்டாங்க: "துப்பாக்கிக் குண்டு சுவத்தையே தொளைக்கும்பாங்களே டாக்டர், இது எப்படி தோலோட நின்னுச்சு?" தூரத்திலேர்ந்து சுட்டிருக்காங்கம்மா, அதான் தப்பிச்சான்னு சொல்லி அனுப்பினேன். பதில் தப்பில்லை. ஆனால் தூரம் குண்டை எப்படி நிறுத்தும்? வெறும் காற்றுதானே இருக்கு நடுவுல? அதைத் தேடிப் படிக்கும்போதுதான் ராபின்ஸைப் பற்றித் தெரிந்தது.

5/
அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி இன்றைய வேட்டைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கா போன்ற நாடுகளில் தூரத்தில் நிற்கும் மானைக் குறிவைப்பவர்கள் பலர் கடைத் தோட்டாவை நம்புவதில்லை. பித்தளைக் கூடு, தீப்பொறி தரும் மூடி, வெடிமருந்து, குண்டு - நான்கையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே தோட்டா கட்டுகிறார்கள். கட்டியதும் வேட்டைக்கு ஓடுவதில்லை. வாரக்கணக்கில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

6/
மருந்தை நிறுக்க அவர்கள் பயன்படுத்தும் அளவு 'கிரெயின்'. ஒரு தானிய மணியின் எடை என்று பொருள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். இது நம்ம பழைய மருந்துக்கடை அளவும்தான். பாராசிட்டமால் மாத்திரை ஏன் 650 மில்லிகிராம் என்று யோசிச்சிருக்கீங்களா? அது 10 கிரெயின். ஆஸ்பிரின் 325 என்பது 5 கிரெயின். தமிழில் ரெண்டுக்கும் பேரே 'மருந்து'தான். அளவு தப்பினால் ரெண்டும் ஆளைக் கொல்லும்.

7/
நிறுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் குண்டைத் தள்ளுகிறதா என்று பார்க்கணும். நொடிக்கு 2,600 அடி வேகத்தில் போகும் குண்டுகளில் ஒன்று 50 அடி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 100 கஜத்தில் அது கீழே இறங்கும் வித்தியாசம் ஒரு நெல்மணி அகலம்தான். 1,000 கஜத்தில் கிட்டத்தட்ட ஒரு முழம்!

8/
அந்த ஒரு முழம் என்பது காகித இலக்கில் ஓட்டை தள்ளிப்போவது. உயிருள்ள மிருகத்தில், நெஞ்சில் பட வேண்டியது வயிற்றிலோ காலிலோ படுவது. அது சாகாது. ஓடிப்போய் எங்கேயோ ஒரு புதருக்குள் நாள்கணக்கில் துடிக்கும். காயம் எப்படி அழுகும் என்று பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் தோட்டாவைச் சோதிப்பது, "எந்தத் தூரத்துக்கு அப்பால் நான் சுடவே கூடாது" என்று தெரிந்துகொள்ளவும்தான்.

9/
இப்போது வேகம் அளக்க ராடார் கருவி வந்துவிட்டது. துப்பாக்கிப் பக்கத்தில் வைத்தால் திரையில் எண் வரும். ஆனால் 1742-க்கு முன்னால் அந்த எண் யாரிடமும் இல்லை. நானூறு வருஷமாக ஐரோப்பா பீரங்கியும் துப்பாக்கியும் சுட்டுக்கொண்டிருந்தது, குண்டு என்ன வேகத்தில் போகிறது என்றே தெரியாமல்!

10/
அப்போது எல்லாரும் நம்பியது கலிலியோவின் கணக்கை. எறிந்த பொருள் பரவளைவுப் பாதையில் போய் விழும் என்று காட்டியவர் அவர். அழகான கணக்கு. ஆனால் அது காற்று இல்லாத இடத்துக்கு. அவருக்கே அது தெரியும். வேகமான குண்டுகளுக்கு இது சரிவராது என்று சொல்லியும் வைத்தார். பின்னால் வந்த பீரங்கிப் புத்தகக்காரர்கள்தான் காற்று ஒரு பொருட்டே இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

11/
இங்கேதான் ராபின்ஸ் வருகிறார். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், வசதி இல்லாத ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரே பாவம் என்று சொல்லும் கிறிஸ்தவப் பிரிவு அது. பெரிய படிப்பெல்லாம் இல்லை. தானே கணிதம் கற்று, இருபது வயதிலேயே ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். அந்த வீட்டுப் பிள்ளைதான் துப்பாக்கி அறிவியலைத் தொடங்கி வைத்தார்.

12/
குண்டைக் கண்ணால் பார்க்க முடியாது. நொடியைத் துண்டுபோட்டு அளக்கக் கடிகாரமும் கிடையாது. பின்னே எப்படி அளப்பது? அவர் செய்தது ரொம்ப எளிமை. இரும்புத் தண்டில் ஒரு கனமான மரப்பலகையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டார். அதன் மீது சுட்டார். குண்டு பலகைக்குள் புதையும். பலகை பின்னால் ஆடும். அடியில் ஒரு ரிப்பன் நாடா. எவ்வளவு தூரம் ஆடியது என்பதை அது காட்டிவிடும்.

13/
கணக்கு இதுதான். குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊசலின் எடை சுமார் 56 பவுண்டு. அதாவது குண்டைவிட ஏறக்குறைய 670 மடங்கு கனம். ஊசல் நொடிக்கு இரண்டரை அடி வேகத்தில் நகர்ந்தால், குண்டு வந்த வேகம் அதைப்போல் 670 மடங்கு: நொடிக்கு சுமார் 1,675 அடி. (ஊசல் சுழல்வதால் இன்னும் சில திருத்தங்கள் உண்டு, அடிப்படை இதுதான்.) பிடிக்க முடியாத வேகத்தைப் பிடிக்கக்கூடிய வேகமாக மாற்றிவிட்டார்.

14/
அப்புறம்தான் முக்கியமான வேலை. ஊசலைக் கிட்டே வைத்துச் சுட்டார். தள்ளி வைத்துச் சுட்டார். இன்னும் தள்ளி வைத்துச் சுட்டார். தூரம் கூடக் கூட வேகம் குறைந்தது. குறைந்த வேகம் எங்கே போயிற்று? நடுவில் இருந்தது காற்று மட்டும்தான். வேகம் குறைந்த கணக்கை வைத்தே காற்று எவ்வளவு பலமாக எதிர்க்கிறது என்று எடைபோட்டார்.

15/
முக்கால் அங்குல ஈயக் குண்டு அந்த வேகத்தில் போகும்போது காற்று அதைத் தடுக்கும் விசை சுமார் 10 பவுண்டு. அதாவது குண்டின் சொந்த எடையைப்போல் 120 மடங்கு! ஒரு ஆளின் முதுகில் 120 ஆட்களை ஏற்றி ஓடச் சொன்ன மாதிரி. "காற்று ஒரு பொருட்டே இல்லை" என்று ஒதுக்கிய விஷயம் இது.

16/
பழைய கணக்குப்படி அந்தக் குண்டு 17 மைல் போகணும். காரைக்காலில் நின்று தெற்கே சுட்டால் நாகப்பட்டினத்தையும் தாண்டி விழணும். நிஜத்தில் அது அரை மைல்கூடப் போவதில்லை. புத்தகத்துக்கும் நிலத்துக்கும் அவ்வளவு தூரம். இத்தனைக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் பீரங்கிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

17/
இன்னொன்றும் கண்டார். வேகம் கூடக் கூட எதிர்ப்பு சீராகக் கூடவில்லை. ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் வரும்போது திடீரென்று எகிறியது. விமானம் பறக்க ஆரம்பிப்பதற்கு 160 வருஷம் முன்பே, தொங்கவிட்ட ஒரு பலகையை வைத்து இதைப் பிடித்துவிட்டார். இன்னும் இன்னும் மருந்து திணித்து வேகம் ஏற்றுவது வீண், அந்த அதிக வேகத்தைக் காற்று முதல் சில நூறு அடியிலேயே தின்றுவிடும் என்றும் எழுதினார்.

18/
இதெல்லாம் 1742-இல் வந்த 'பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்து வியந்தவர் யார் தெரியுமா? கணித மேதை ஆய்லர். 1745-இல் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். கூடவே விளக்கவுரை எழுதினார். உரை மூலத்தைவிடப் பல மடங்கு பெருசு! 1746-இல் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்குக் காப்லே பதக்கம் கொடுத்தது.

19/
குண்டு ஏன் நேராகப் போகாமல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்பதையும் சோதித்தார். மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, குழலை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் வளைந்தது! குண்டின் சுழற்சிதான் காரணம். நம்ம கிரிக்கெட்டில் சுழல் பந்து காற்றிலேயே வளைவது இதே சமாச்சாரம்.

20/
அப்படியானால் சுழற்சியை நம் கட்டுப்பாட்டில் வைத்தால்? குழலுக்குள் திருகு வரிப்பள்ளம் வெட்டிய துப்பாக்கி, அதாவது ரைஃபிள், அப்போதே வேட்டைக்காரர்களிடம் இருந்தது. ஆனால் அது ஏன் நேராகச் சுடுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1747-இல் ராபின்ஸ் அதை விளக்கினார். எந்த நாடு முதலில் இதைப் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கிறதோ அதற்குப் பெரிய மேலாதிக்கம் கிடைக்கும் என்றும் எழுதினார். நூறு வருஷம் கழித்து அப்படியே நடந்தது.

21/
இப்போது நம்ம கடற்கரைக்கு வருவோம். காரைக்கால் 1739-இல் தஞ்சாவூர் மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. புதுச்சேரியில் டூப்ளே. கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே, ஆங்கிலக் கம்பெனியின் செயின்ட் டேவிட் கோட்டை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். ஒரே கடற்கரையில் இத்தனை கொடி.

22/
1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கம்பெனியின் தலைமையிடம் கடலூர்க் கோட்டைக்கு மாறியது. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். ஒப்பந்தத்தின்படி 1749-இல் சென்னை திரும்பக் கிடைத்தது. கம்பெனிக்கு அப்போதுதான் உறைத்தது: நம்ம கோட்டைகள் எதற்கும் தாங்காது. பீரங்கியைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஆள் வேண்டும்.

23/
ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். ஊசலில் குண்டின் வேகத்தை அளந்தவர், அதே குண்டைத் தாங்கும் சுவர் கட்டப் புறப்பட்டார். 1750 ஜூலையில் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் புதிய திட்டங்கள் வரைந்தார்.

24/
வந்த இரண்டு மாசத்தில் காய்ச்சல். தேறினார். மறுபடி உடம்பு சரியில்லாமல் போனது. 1751 ஜூலை 29 அன்று அந்தக் கோட்டையிலேயே இறந்தார். கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவோடு இறந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த மாசம்தான் கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் படையோடு கிளம்பியது.

25/
ஒரு டாக்டரா எனக்கு இந்த இடத்தில்தான் மனசு நிக்குது. என்ன காய்ச்சல்? மலேரியாவா, டைபாய்டா, உண்ணிக் காய்ச்சலா? அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பேர், 'காய்ச்சல்'. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுதான் பரிசோதனை. கட்டிலில் கிடந்தவர் குண்டின் வேகத்தை அளந்தவர். பக்கத்தில் நின்றவரிடம் அவர் உடம்புச் சூட்டை அளக்க ஒரு தெர்மாமீட்டர் இல்லை.

26/
வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல்சூட்டை அளந்து புத்தகம் போட்டது 1868-இல். ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல். பீரங்கிக்காரர்களுக்கு 1742-இல் கிடைத்த அளவுகோல் எங்க துறைக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

27/
ராபின்ஸ் தொடங்கி வைத்த பழக்கத்தை இந்தியக் காட்டுக்குக் கொண்டு போனவர்களும் உண்டு. ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற இளம் அதிகாரி, மத்திய இந்தியக் காடுகளில் வேலை பார்த்தவர், 1863-இல் வேட்டை ரைஃபிளையும் அதன் குண்டுகளையும் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எவ்வளவு மருந்து, என்ன குண்டு, எவ்வளவு மெதுவான வரிப்பள்ளம் என்று ஒவ்வொன்றாக வாதிட்டிருப்பார்.

28/
அவர் கவலை என்னவென்றால், காட்டில் தூரத்தைக் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது. எண்பது கஜம் என்று நினைத்தது நூற்றிருபதாக இருக்கும். அதனால் குண்டு கூடுமான வரை கீழே இறங்காமல் தட்டையாகப் போக வேண்டும். அதுவும் கிட்டத்தில் இருக்கும் விலங்குக்கு. ரொம்ப தூரம் சுடுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. 1871-இல் 33 வயதில் அவரும் இறந்துபோனார்.

29/
எங்க துறைக்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. தியோடர் கோக்கர். அறுவை அரங்கில் 'கோக்கர்' இடுக்கி கேட்காத நாள் கிடையாது, அதே கோக்கர்தான். தைராய்டு ஆய்வுக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் தண்ணீரிலும் ஜெலட்டினிலும் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, காயம் எப்படி உண்டாகிறது என்று படித்தார். ராபின்ஸ் காற்றில் தேடிய விடையை, கோக்கர் சதையில் தேடினார். இன்றும் வேட்டைத் தோட்டாவை ஜெலட்டின் கட்டியில்தான் சுட்டுப் பார்க்கிறார்கள்.

30/
இப்போ அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். குண்டு சின்னதாக ஆக, அதன் எடை படுவேகமாகக் குறையும். காற்று மோதும் பரப்பு அவ்வளவு குறையாது. ராபின்ஸின் குண்டில் கால்வாசி விட்டம் கொண்ட ஒரு பால்ரஸ் அதே வேகத்தில் போனால், காற்றின் எதிர்ப்பு அதன் எடையைப்போல் 120 மடங்கு இல்லை, சுமார் 480 மடங்கு. அதனால்தான் கிட்டத்தில் உயிரை எடுக்கும் அதே பால்ரஸ், வயலின் அந்தக் கரையிலிருந்து வரும்போது தோலோடு நின்றுவிடுகிறது.

31/
அன்றைக்கு அந்தப் பையனைக் காப்பாற்றியது நாங்க இல்லை. நாங்க எடுத்துக் கிண்ணத்தில் போட்டோம், அவ்ளோதான். அவன் கழுத்துக்கும் துப்பாக்கி வாய்க்கும் நடுவில் இருந்த காற்று காப்பாற்றியது. சுட்டவர் இருபது அடி முன்னால் வந்திருந்தால் இந்தக் கதையை நான் வேற மாதிரிதான் எழுதியிருப்பேன். அதுவும் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது கைக்கணக்கு. இன்னும் ஒரு சிட்டிகை கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுட்டவருக்கே தெரியாது.

32/
அதனால் சில விஷயம் தெளிவா சொல்லிடறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். கொக்கும் மடையானும் அதில் சேர்த்தி. உரிமம் இல்லாமல் தோட்டா கட்டுவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். இந்த இழை வரலாறு தெரிஞ்சுக்க மட்டும்.

33/
யாருக்காவது பால்ரஸ் பட்டால், வீட்டில் ஊசியாலோ பிளேடாலோ தோண்டாதீங்க. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும்; உள்ளே எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரேதான் சொல்லும். டெட்டனஸ் ஊசி போடணும். போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து மறைக்காதீங்க. எடுக்காமல் விட்ட பால்ரஸ் உடம்பில் இருந்தால், பின்னால் எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கும்போது முதலிலேயே சொல்லிடுங்க.

34/
அடுத்த முறை கடலூர் பக்கம் போனா தேவனாம்பட்டினம் கடற்கரையில் கொஞ்ச நேரம் நில்லுங்க. முகத்தில் அடிக்கிற அந்தக் கடல்காற்றைத்தான் ஒருத்தர் எடைபோட்டார். இந்த ஊரிலேயே தன் கடைசி ஒரு வருஷத்தைக் கழித்தார். அந்தப் பையன் இப்ப பெரிய ஆள். கழுத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கு. போன தை மாசம் பார்த்தப்ப ஏன் பிழைச்சேன்னு அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அம்மாகிட்டயும் சொல்லுங்க டாக்டர்" என்றான். சொல்லணும்.